மாடி ஏறினால் வீடு மலியுமா?

1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு நில வழக்கு வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று வரைபடம் போட்டு விதி இயற்றியிருந்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியால்டி நிறுவனம் அதை எதிர்த்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம், குடியிருப்பு மண்டலம் என்று குறிக்கப்பட்டால் 2,500 டாலரைத் தாண்டாது என்பது அதன் வாதம். நிறுவனம் தோற்றது. மண்டல விதிகள் போட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு என்பது அன்று உறுதியானது. ஆனால் வழக்கில் வைக்கப்பட்ட அந்தக் கணக்கு இன்றுவரை உயிரோடு இருக்கிறது: வரைபடத்தில் இழுக்கும் ஒரு கோடு நிலத்தின் விலையை நான்கு மடங்கு ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே கணக்கு தலைகீழாகக் கேட்கப்படுகிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அதே மனையில் கூடுதல் தளங்கள் கட்ட அனுமதித்தால் வீடுகள் பெருகி விலை குறையுமா? அல்லது கூடும் மதிப்பை நிலத்தின் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு, வீடு வாங்குபவர் பழைய விலையையே கொடுப்பாரா? ஆக்லாந்து, சிகாகோ, மும்பை, சென்னை என்று பல நகரங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கான துப்பு, கட்டுநரின் வரவுசெலவுக் கணக்கில் ஓரளவு கிடைக்கிறது.

கட்டுப்பாடு பிறந்த கதை

ஒரே நகரத்துக்குள் பகுதிக்கு ஒரு கட்டட விதி என்ற ஏற்பாடு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் 1891இல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் 1916இல் நகரம் முழுமைக்கும் மண்டல விதி கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு மன்ஹாட்டனில் எழுந்த எக்விட்டபிள் கட்டடம் அக்கம்பக்கத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது அதற்கு ஒரு தூண்டுதல். வெளிச்சம், காற்று, தீத் தடுப்பு, சுகாதாரம் ஆகியவை வெளியில் சொல்லப்பட்ட நோக்கங்கள். தனி வீடுகள் மட்டுமே இருக்கலாம் என்ற வகை மண்டலங்கள் ஏழைகளையும் கறுப்பின மக்களையும் வெளியே நிறுத்தும் வேலையையும் செய்தன என்று அமெரிக்க நகர வரலாற்றாசிரியர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1915இலும் சென்னை மாகாணம் 1920இலும் நகரமைப்புச் சட்டங்களை இயற்றின. பின்னாளில் இங்கே மையக் கருவியாக நிலைத்தது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை அது சொல்கிறது. மும்பை 1964இன் வளர்ச்சித் திட்டத்தோடு இதைக் கையில் எடுத்தது. 1991 விதிகளின்படி தீவு நகரத்துக்கு 1.33, புறநகருக்கு 1 என்ற அளவு நெடுங்காலம் நீடித்தது. உலகப் பெருநகரங்களின் மையப் பகுதிகளோடு வைத்துப் பார்த்தால் இவை மிகவும் குறைந்த எண்கள். நகர்ப்புறப் பொருளியலாளர் அலன் பெர்டோ இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

பின்னாலிருந்து போடும் கணக்கு

கட்டுநர் நிலத்துக்கு விலை பேசும்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார். வீடுகளை விற்றால் வரும் தொகையிலிருந்து கட்டுமானச் செலவு, அனுமதிக் கட்டணங்கள், கடன் வட்டி, தன் லாபம் எல்லாவற்றையும் கழிக்கிறார். மிஞ்சுவதுதான் நிலத்துக்குத் தரக்கூடிய உச்சத் தொகை. நிலத்தின் சொந்தக்காரர் எதிர்பார்க்கும் விலை இந்த மீதத்துக்குள் அடங்கினால் திட்டம் கட்டுப்படியாகும். அடங்காவிட்டால் மனை காலியாகக் கிடக்கும், அல்லது பழைய வீடு அப்படியே நிற்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நான்கு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. விற்பனை விலை சதுர அடிக்கு ரூ.10,000. கட்டுமானம், கட்டணம், வட்டி எல்லாம் சேர்த்து ரூ.5,000. லாபம் விற்பனையில் 15 சதவீதம், அதாவது ரூ.1,500. ஒவ்வொரு சதுர அடிக்கும் நிலத்துக்காக மிஞ்சுவது ரூ.3,500. எஃப்எஸ்ஐ 1.5 என்றால் 14,400 சதுர அடி கட்டலாம், நிலத்துக்கு ரூ.5.04 கோடி வரை தரலாம். எஃப்எஸ்ஐ 2 ஆனால் 19,200 சதுர அடி. நிலத்துக்குத் தரக்கூடியது ரூ.6.72 கோடி. விற்பனை விலை அசையாமல் இருந்தால் கூடுதல் அனுமதியின் மதிப்பு முழுவதும் நிலத்துக்குப் போய்விடுகிறது. வீடு வாங்குபவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

மாறாக, ஊர் முழுக்க இப்படிக் கூடுதலாகக் கட்டப்பட்டு, போட்டியால் விற்பனை விலை ரூ.9,000 ஆக இறங்கினால்? லாபம் போக மீதம் ரூ.2,650. அதை 19,200ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ரூ.5.09 கோடி. சொந்தக்காரருக்குப் பழைய விலை கிடைத்துவிடுகிறது. கட்டுநரின் லாப விகிதமும் மாறவில்லை. வாங்குபவருக்குச் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது. ஒரே அனுமதிக்கு இரண்டு முடிவுகள். இவற்றில் எது நடக்கிறது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

மூன்றாவது முடிவும் உண்டு. சதுர அடி ரூ.5,000க்கு விற்கும் புறநகர்ப் பகுதியில் செலவு ரூ.4,000, லாபம் ரூ.750 என்றால் நிலத்துக்கு மிஞ்சுவது வெறும் ரூ.250. உயரம் கூடும்போது தீயணைப்பு ஏற்பாடு, கூடுதல் லிஃப்ட், வலுவான அடித்தளம், நிலத்தடி வாகன நிறுத்தம் என்று செலவு சதுர அடிக்கு ரூ.300 ஏறினால் அந்த மீதமும் கரைந்து கணக்கு நட்டத்தில் முடியும். அங்கே எஃப்எஸ்ஐயை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக ஏறாது.

முதல் தரப்பு: விதிதான் தடை

பொருளியலாளர்கள் எட்வர்ட் கிளேசரும் ஜோசஃப் கியூர்கோவும் 2000களின் தொடக்கத்தில் ஒரு எளிய சோதனையை முன்வைத்தார்கள். வீட்டின் விலைக்கும் அதைக் கட்ட ஆகும் செலவுக்கும் உள்ள இடைவெளியைப் பார். அமெரிக்காவின் பெரும்பகுதியில் அந்த இடைவெளி சிறியது. மன்ஹாட்டன், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற இடங்களில் பெரியது. மண் கிடைக்காததை மட்டும் கொண்டு இதை விளக்க முடியாது, கட்ட அனுமதி கிடைக்காததே பெரிய காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த வாதம் வளர்ந்து இன்று பல நாடுகளில் ஓர் அரசியல் இயக்கமாகவே ஆகியிருக்கிறது.

ஹூஸ்டன் இந்தத் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் நகரம். அங்கே மண்டல விதிகள் கிடையாது. ஆனால் மனையின் குறைந்தபட்ச அளவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1998இல் நகரின் உள்வட்டத்தில் அந்த அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க வழி திறந்தார்கள். பழைய தனி வீடு நின்ற மனையில் மூன்று நான்கு ஒடுக்கமான அடுக்கு வீடுகள் எழுந்தன; பல்லாயிரம் வீடுகள் இப்படி வந்தன.

அதைவிடப் பெரிய சோதனை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த திட்டம், நகரின் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்தியை அனுமதித்தது. தனித்தனி மனைக்கு மனுப் போட வேண்டிய அவசியம் இல்லை. விதிக்குள் அடங்கினால் உரிமை. ஆண்டுக்குப் பத்தாயிரம் வீடுகள் அளவில் இருந்த கட்டட அனுமதிகள், சில ஆண்டுகளில் இருபதாயிரத்தைத் தாண்டின. பெரும்பாலானவை வானளாவிய கோபுரங்கள் அல்ல, ஒட்டி ஒட்டிக் கட்டிய இரண்டு மூன்று மாடி வரிசை வீடுகள். ரயன் கிரீனவே-மெக்ரெவியும் பீட்டர் ஃபிலிப்ஸும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளைச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதியது.

புதிய வீடுகள் வசதியானவர்களுக்குத்தானே என்ற எதிர்வாதத்துக்கும் இந்தத் தரப்பிடம் பதில் உண்டு. வசதியானவர் புது வீட்டுக்குப் போனால் அவர் விட்ட வீட்டுக்கு வேறொருவர் வருவார். அவர் விட்டதற்கு மற்றொருவர். பொருளியலாளர் எவன் மாஸ்ட் அமெரிக்க நகரங்களில் இந்தச் சங்கிலியை முகவரி முகவரியாகத் தொடர்ந்து, அது சில சுற்றுகளில் குறைந்த வருமானப் பகுதிகளை எட்டுவதைக் காட்டினார். ஹெல்சிங்கியிலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. புதிய அடுக்ககம் ஒன்று எழுந்தால் அதன் சுற்றுவட்டார வாடகை, எழாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 5 முதல் 7 சதவீதம் குறைகிறது என்று மாஸ்ட் உட்பட மூவர் செய்த மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

பலவீனம் எங்கே? சீர்திருத்தம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கற்பனைப் பாதையை வரைவதில். ஆக்லாந்து ஆய்வு அந்தப் பாதையை வரைந்த விதத்தை பொருளியலாளர்கள் கேமரன் மர்ரேயும் டிம் ஹெல்மும் கேள்வி கேட்டார்கள். அதே ஆண்டுகளில் வட்டி வீதம் வரலாறு காணாத அளவு தாழ்ந்திருந்தது. கட்டுமானம் நாடெங்கும் சூடுபிடித்திருந்தது. 2021இல் 0.25 சதவீதமாக இருந்த நியூசிலாந்து மத்திய வங்கியின் வட்டி வீதம் 2023 மே மாதத்தில் 5.5 சதவீதத்தை எட்டியபோது ஆக்லாந்தின் அனுமதிகளும் சரிந்தன. விதி மாறவில்லை, கட்டுப்படியாகும் கணக்கு மாறிவிட்டது. விதியின் பங்கு எவ்வளவு, மலிவுக் கடனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது இன்னும் சிக்கலாகவே இருக்கிறது.

இரண்டாம் தரப்பு: எல்லாம் நிலத்துக்கே

இந்தத் தரப்பின் வேர் 1817இல் வெளிவந்த டேவிட் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டில் இருக்கிறது. நிலத்தை உற்பத்தி செய்ய முடியாது. அதனால் விளையும் உபரி நிலத்தின் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும். 1879இல் ஹென்றி ஜார்ஜ் இதை நகரத்துக்குப் பொருத்தினார். ஊர் வளர்வதால் உயரும் நில மதிப்பு ஊருக்கே சேர வேண்டும் என்று நிலவரியை வலியுறுத்தினார்.

தற்காலச் சான்றாக அதிகம் மேற்கோள் காட்டப்படுவது சிகாகோ. 2013இலும் 2015இலும் அந்நகரம் ரயில் நிலையங்களை ஒட்டிய மனைகளில் அடர்த்தியைக் கூட்டியது. வாகன நிறுத்தக் கட்டாயத்தையும் குறைத்தது. நகர ஆய்வாளர் யோனா ஃப்ரீமார்க் ஆராய்ந்து பார்த்தபோது, ஐந்தாண்டுக் காலத்தில் அந்த மனைகளில் கட்டட அனுமதிகள் கூடியதற்குத் தடயம் இல்லை. சொத்து விலை மட்டும் உயர்ந்திருந்தது. வான்கூவரின் நகர வடிவமைப்புப் பேராசிரியர் பாட்ரிக் காண்டன் இதே வாதத்தைத் தன் நகரத்தை வைத்து வைக்கிறார். பல பத்தாண்டுகளாக அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே வந்த வான்கூவர், வட அமெரிக்காவின் மிக விலை கூடிய நகரங்களுள் ஒன்றாகவே இருக்கிறது.

சிகாகோ முடிவை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது. ஐந்தாண்டு குறுகிய காலம் என்பது ஆய்வாளரும் ஒப்புக்கொண்டது. தளர்வு கிடைத்ததும் நகரின் ஒரு சிறு பகுதிக்குத்தான். ஊரில் சில மனைகளுக்கு மட்டும் கூடுதல் உரிமை தந்தால் அவை அரிய சரக்காகி அவற்றின் விலை ஏறுவது இயல்பு. ஊரெங்கும் தந்தால் கட்டுநருக்கு வேறு மனைக்குப் போகும் தெரிவு உண்டு, தனி மனைக்காரரின் பேர பலம் குறையும். ஆக்லாந்தில்கூட, பழைய சிறு வீடு நின்ற பெரிய மனைகளின் விலை மற்றவற்றைவிடக் கூடுதலாக ஏறியதைக் கிரீனவே-மெக்ரெவியின் வேறோர் ஆய்வு பதிவுசெய்கிறது. நில விலை ஏறுவதும் வீடு பெருகுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்றுக்கான சான்று மற்றொன்றுக்கு மறுப்பாகிவிடாது.

இங்கே மர்ரே இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறார். அனுமதி கையில் இருக்கும் கட்டுநர் உடனே ஏன் கட்ட வேண்டும்? சந்தை விலையைத் தொந்தரவு செய்யாத வேகத்தில் மெல்ல விற்பதே அவருக்கு ஆதாயம். பிரிட்டனில் ஆலிவர் லெட்வின் தலைமையில் 2018இல் நடந்த அரசு ஆய்வும் பெரிய திட்டங்கள் தாமதமாவதற்கு இந்த விற்பனை வேகத்தையே முதன்மைக் காரணமாகச் சொன்னது.

மூன்றாம் தரப்பு: பங்கைக் கேள்

அரசு போட்ட கையெழுத்தால்தான் மதிப்பு உயர்ந்தது என்றால் அதில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும். நியாயமான வாதம், நடைமுறையில் மிகவும் வழுக்கும் வாதம். பிரிட்டனின் அனுபவம் இதற்குச் சாட்சி. 1909 சட்டம் மதிப்பு உயர்வில் பாதியைக் கேட்டது. 1947 சட்டம் முழுவதையும் கேட்டது. லாபமே இல்லாத இடத்தில் நிலத்தை விற்க யாரும் முன்வரவில்லை. அடுத்த ஆட்சி வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஆட்சி வந்தது, 1953இல் கட்டணம் போனது. 1967இல் 40 சதவீத வரி வந்து சில ஆண்டுகளில் நீங்கியது. 1976இல் வந்த இன்னொரு வரி 1985இல் நீங்கியது. கட்சிக்குக் கட்சி மாறும் வரி என்று தெரிந்தபோது நிலத்தைப் பிடித்து வைப்பதே புத்திசாலித்தனமாயிற்று.

பிறகு பிரிட்டன் திட்டத்துக்குத் திட்டம் பேரம் பேசும் முறைக்கு மாறியது. இவ்வளவு மலிவு வீடு கொடு என்று உள்ளாட்சி கேட்கும். கட்டுப்படியாகாது என்று கட்டுநர் கணக்கறிக்கை நீட்டுவார். 2012இல் தேசியத் திட்டக் கொள்கை இந்தக் கணக்கறிக்கைகளுக்கு அதிக மதிப்பளித்தது. விளைவு ஒரு வட்டச் சுழல். நிலத்துக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, அந்த விலையையே காரணமாகக் காட்டி மலிவு வீடுகளைக் குறைக்கலாம். லண்டனின் இஸ்லிங்டனில் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து 1.325 கோடி பவுண்டுக்கு வாங்கிய பார்க்ஹர்ஸ்ட் சாலை மனையில் இதுவே நடந்தது. உள்ளாட்சி நியாயம் என்று கருதிய நில மதிப்பு ஏறத்தாழ அதில் பாதி. 2018இல் உயர் நீதிமன்றம் கட்டுநரின் முறையீட்டை ஏற்கவில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட அரசு வழிகாட்டுதல், நிலத்துக்குக் கொடுத்த விலை கொள்கையை மீறுவதற்குச் சாக்காகாது என்று தெளிவாக்கியது. கட்டுநரின் லாபத்துக்கு விற்பனையில் 15 முதல் 20 சதவீதம் என்ற அளவையும் வைத்தது.

பிரேசிலின் சாவோ பாவ்லோ பேரத்தைத் தவிர்த்து விலைப் பட்டியலுக்குப் போனது. 2014 பெருந்திட்டத்தின்படி நகரெங்கும் அடிப்படை உரிமை மனையின் பரப்பளவு மட்டுமே. முதன்மைப் போக்குவரத்துப் பாதைகளை ஒட்டி நான்கு மடங்குவரை போகலாம், ஆனால் கூடுதலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சில சிறப்புப் பகுதிகளில் கட்டும் உரிமைப் பத்திரங்களை 2004 முதல் ஏலம் விட்டும் பணம் திரட்டினார்கள். கட்டணம் முன்கூட்டியே தெரிந்தால் கட்டுநர் அதை நிலத்தின் விலையில் கழித்துக்கொள்வார் என்பது இந்த முறையின் அடிப்படை. நிலம் வாங்கிய பின் வரும் கட்டணத்தை அப்படிக் கழிக்க வழியில்லை. அது திட்டத்தையே நிறுத்தலாம்.

மும்பை: விற்பனை விலையில் தொங்கிய இலவச வீடு

அனுமதியையே பணமாக்குவதில் இந்தியாவில் மும்பையைப் போல் தூரம் போன நகரம் இல்லை. 1995இல் பதவிக்கு வந்த சிவசேனா–பாரதிய ஜனதா கூட்டணி, குடிசைவாசிகள் நாற்பது லட்சம் பேருக்கு எட்டு லட்சம் இலவச வீடுகள் என்று அறிவித்தது. அரசு பணம் போடாது. கட்டுநர் குடிசைவாசிகளுக்கு அதே இடத்தில் வீடு கட்டிக் கொடுப்பார். அதற்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் எஃப்எஸ்ஐயில் சந்தை விலை வீடுகள் கட்டி விற்றுக்கொள்வார். இதற்கென்றே குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தது.

எட்டு லட்சம் என்ற இலக்கின் அருகேகூடத் திட்டம் போகவில்லை. காரணம் பின்னாலிருந்து போடும் கணக்குக்குள்ளேயே இருந்தது. இலவச வீட்டின் செலவை விற்பனை வீட்டின் லாபம் தாங்க வேண்டும்; எனவே விலை உயர்ந்த இடங்களிலுள்ள குடிசைப் பகுதிகளுக்கே கட்டுநர்கள் வந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சொத்து விலை விழுந்தபோது திட்டமும் படுத்தது. 1998இல் அரசே ஒரு நிறுவனம் தொடங்கிக் கைகொடுக்க வேண்டியதாயிற்று. விலை ஏறினால்தான் ஏழைக்கு வீடு என்ற விசித்திரமான நிலை அது. வீட்டு விலையைக் குறைக்க வேண்டிய கொள்கை, விலை குறைந்தால் தானே நின்றுபோனது.

2012இல் மும்பை 35 சதவீதம்வரை கூடுதல் பரப்பைக் கட்டணத்துக்குத் தரத் தொடங்கியது. காலப்போக்கில் இத்தகைய பிரீமியங்கள் மாநகராட்சிக்குப் பெரிய வருமானமாயின. கட்டுநரின் செலவில் பெரிய பங்கும் ஆயின. பெருந்தொற்றின்போது, 2021 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு அந்த ஆண்டு இறுதிவரை பிரீமியங்களைப் பாதியாக்கியது. ஈடாக, வாங்குபவரின் முத்திரைத் தீர்வையைக் கட்டுநர் ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அனுமதி வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. பின்னாளில் செய்யவிருந்ததை முன்கூட்டிச் செய்தார்களா, அல்லது செய்யவே மாட்டாதிருந்த திட்டங்கள் பிழைத்தனவா என்பது வேறு கேள்வி.

ஹைதராபாத், சென்னை: இரு வேறு பாதைகள்

ஹைதராபாத் 2006இல் எஃப்எஸ்ஐ உச்சவரம்பையே கைவிட்டது. சாலை அகலமும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியும் மட்டுமே உயரத்தைத் தீர்மானிக்கும் என்றானது. நகரின் மேற்கே மிக உயர்ந்த கோபுரங்கள் அடுக்கடுக்காக எழுந்தன. கோகாபேட்டில் அரசு நிலம் ஏலம் போனபோது 2021இல் ஏக்கருக்கு அதிகபட்சம் ரூ.60.2 கோடி கிடைத்தது. 2023 ஆகஸ்டில் ஒரு மனை ஏக்கருக்கு ரூ.100.75 கோடிக்குப் போனது. உச்சவரம்பில்லாத உரிமை நில விலைக்குள் முழுதாகப் புகுந்துகொண்டதற்கு இதைவிடத் துலக்கமான காட்சி கிடைப்பது கடினம். அங்கே நிலத்தின் சொந்தக்காரர் அரசு என்பதால் உபரி கருவூலத்துக்குப் போனது. தனியார் நிலத்தில் அது அப்படித் தானாகப் போவதில்லை. ஆனாலும் அந்நகரின் விலை நெடுநாள் மும்பையைவிட மிகத் தாழ்வாக இருந்ததற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. சுற்றிலும் விரிந்து கிடக்கும் சமநிலம் அதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம்.

சென்னை படிப்படியாக நகர்ந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019, சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐயை 1.5இலிருந்து 2 ஆக்கின. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25வரை அனுமதித்தன. உயர்மாடி அல்லாத கட்டடத்தின் உயரம் 18.3 மீட்டர்வரை போகலாம் என்பதால், ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்’ (தூண்கள்மேல் நிற்கும் வாகன நிறுத்தத் தளம், அதன்மேல் ஐந்து தளங்கள்) என்று தரகர்கள் சொல்லும் வடிவம் தி.நகரிலும் அண்ணா நகரிலும் பழைய தனி வீடுகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் பிரீமியம் எஃப்எஸ்ஐ: சாலை 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் இருந்தால் 30 சதவீதம், 18 மீட்டருக்குள் 40 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம்.

இந்தப் பிரீமியம், அரசின் வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் பத்திரப்பதிவுத் துறை எடுக்கும் முடிவு வீட்டுக் கொள்கையாகிவிடுகிறது. 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, 2023இல் அதைப் பழைய நிலைக்கு ஏற்றியது. பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆக்கியது. மதிப்பை ஏற்றிய முடிவு பின்னர் நீதிமன்றம்வரை போனது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான வரியாகவே இது விவாதிக்கப்பட்டது. கூடுதல் தளத்தின் செலவையும் இது சேர்த்து ஏற்றியது அதிகம் பேசப்படவில்லை.

சென்னையில் பரவலாக உள்ள இன்னொரு முறை ‘ஜாயின்ட் வென்ச்சர்’. கட்டுநர் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. உரிமையாளரோடு கட்டிய பரப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறார். நிலத்துக்கான மீதம் இங்கே பணமாக அல்லாமல் ஐம்பதுக்கு ஐம்பது, அறுபதுக்கு நாற்பது என்று விகிதமாகப் பேசப்படுகிறது. எஃப்எஸ்ஐ ஏறினால் உரிமையாளர் கேட்கும் பங்கும் ஏறும். கட்டுநருக்கு நில முதலீடும் அதன் வட்டியும் மிச்சம் என்பதால் சிறு நிறுவனங்களும் களத்தில் நிற்க முடிகிறது. போட்டிக்கு அது நல்லது. ஒரு தந்தை கட்டிய வீட்டுக்கு நான்கு பிள்ளைகள் உரிமையாளர்களாக இருக்கும்போது நால்வரும் ஒத்துவருவது விதியைவிடப் பெரிய தடையாகவும் ஆகிறது.

மலிவு வீட்டின் பக்கம் நிலைமை வேறு. ஒன்றிய அரசின் சரக்கு சேவை வரி 2019 ஏப்ரல் முதல் மலிவு வீட்டுக்கு 1 சதவீதம். ஆனால் அந்தச் சலுகைக்கு வீட்டின் விலை ரூ.45 லட்சத்துக்குள், பெருநகரில் பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ நிலத்தின் பங்கு மட்டுமே அந்த வரம்பைத் தின்றுவிடும். மையப் பகுதியில் எஃப்எஸ்ஐ தளர்வு கட்டுப்படியாகிறது, மலிவு வீடு வராது. விளிம்பில் மலிவு வீடு வரலாம், அங்கே எஃப்எஸ்ஐ தளர்வுக்குத் தேவையே எழுவதில்லை. அரசு குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் விளிம்பில் இருப்பதற்குப் பின்னாலும் இதே நில விலைக் கணக்கு இருக்கிறது.

இன்னும் தீராதவை

சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். தேவை மிகுந்த நகரத்தில், பரந்த பரப்பில், பேரம் இல்லாத உரிமையாக, செலவு அதிகம் ஏறாத உயரத்துக்குள் தளர்வு தரும்போது வீடுகள் பெருகும் வாய்ப்பு அதிகம். சில மனைகளுக்கு மட்டும் தரும் தளர்வு நில விலையை உயர்த்துவதோடு நின்றுவிடக்கூடும். சந்தை விலை கட்டுமானச் செலவைத் தொட்டு நிற்கும் இடங்களில் தளர்வு பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். கட்டணம் முன்பே தெரிந்து நிலைத்திருந்தால் நிலம் அதைச் சுமக்கும். திடீரென வந்தால் திட்டமோ வாங்குபவரோ சுமக்க நேரும். மிகவும் ஏழைகளுக்கான வீட்டை எந்த மண்டலத் தளர்வும் நேரடியாகத் தந்ததற்கு உறுதியான சான்று இல்லை.

நியூசிலாந்திலோ அமெரிக்காவிலோ கிடைத்த முடிவுகளை இந்திய நகரங்களுக்கு அப்படியே பெயர்த்துக்கொள்ள முடியுமா என்பது திறந்த கேள்வி. இங்கே பத்திரத்தில் எழுதும் விலையும் கை மாறும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் தளர்வின் பலன் யாருக்குப் போனது என்று அளப்பதே கடினம். பட்டா, வாரிசு வழக்குகளில் சிக்கிய மனைகள் சந்தைக்கு வருவதில்லை. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016இன்படி வாங்குபவரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டியிருப்பதால், முன்பணத்தைக் கொண்டே அடுத்த நிலத்தை வாங்கிய பழைய முறை மாறியிருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது சாதகமா, அதனால் போட்டி குறைகிறதா என்பதும் ஆராயப்பட வேண்டியதே.

உள்கட்டமைப்புச் செலவு பெரும்பாலும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 2015இல் வெள்ளத்தையும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டதையும் கண்ட சென்னையில், கூடுதல் தளத்துக்கான குடிநீரும் கழிவுநீரும் யார் செலவில் என்ற கேள்வி கட்டுநரின் வரவுசெலவில் ஒரு கட்டணமாக மட்டுமே வருகிறது. அந்தக் கட்டணம் உண்மைச் செலவை ஈடுகட்டுகிறதா என்பதைப் பொறுத்துத் தளர்வின் நிகர லாபம் மாறும். அதே நேரத்தில், மையத்தில் தடுக்கப்பட்ட அடர்த்தி புறநகர் ஏரிக்கரைகளிலும் சதுப்பு விளிம்புகளிலும் பரவலாக வெளிப்படுகிறது என்ற எதிர்வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

2027 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. எந்தச் சாலையில் எத்தனை மடங்கு என்ற எண்களே அதில் அதிகம் கவனிக்கப்படும். 2019 தளர்வுக்கு முன்னும் பின்னும் எந்தப் பகுதியில் எத்தனை வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை கட்டி முடிந்தன, நில விலையும் வீட்டு விலையும் எவ்வாறு நகர்ந்தன என்ற தரவு பகுதிவாரியாகப் பொதுவெளிக்கு வந்தால், மற்ற ஊர்களின் ஆய்வுகளைக் கடன் வாங்காமல் இந்தக் கேள்வியைச் சென்னையை வைத்தே விவாதிக்க இயலும்.